பால்வாடிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவே

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் வரும் சங்கடமான வேலை, சேர்க்கைக்காகத் தெருத்தெருவாகப் போவது. கையில் ஒரு நோட்டு, துண்டறிக்கை, கூடவே நான்கைந்து மாணவர்கள் பிடித்த பதாகை. விலையில்லாப் புத்தகம், சீருடை, காலை உணவு, ஆங்கில வழி வகுப்பு என்று துண்டறிக்கை நீளமாகவே இருக்கும். வீட்டுக்காரம்மா மரியாதையாகத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுப்பார். பிறகு விஷயத்துக்கு வருவார்: “பெரியவன் நம்ம பள்ளிக்கூடத்துலதானே சார் படிச்சான். சின்னவளத்தான் ரெண்டு வருஷம் முன்னாடியே எல்.கே.ஜி.யில போட்டாச்சே. இப்பப் போயி எப்படி மாத்துறது?”

அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. ஆசிரியர் தேடி வந்தது ஐந்து வயதுப் பிள்ளையை. அந்த வீட்டில் முடிவு எடுத்ததோ, பிள்ளைக்கு மூன்று வயதாக இருந்தபோது.

தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவதற்கு ஆங்கில மோகம், பிறப்பு விகிதச் சரிவு, மஞ்சள் வேன் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால், எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரு காரணத்தைப் பேசுவோர் குறைவு. தனியார் நர்சரிப் பள்ளியின் கதவு மூன்று வயதில் திறக்கிறது. ஒன்றியப் பள்ளியின் கதவு ஐந்து வயதில். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் நோட்டு வாங்கி, டை கட்டி, ஒரு மிஸ்ஸிடம் பழகிவிட்ட பிள்ளையை அங்கிருந்து பிடுங்கிவர எந்தத் துண்டறிக்கைக்கும் வலு கிடையாது. அதனால்தான் பல ஊர்களில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றாலும் கிராம சபை என்றாலும் ஒரு கோரிக்கை தவறாமல் எழுகிறது: நம்ம பள்ளியிலும் எல்.கே.ஜி. ஆரம்பிக்கணும்.

கோரிக்கை நியாயமானது. ஆனால், தமிழக அரசு இதை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் தீர்மானம் போடுவதில் பயனில்லை.

2019 ஜனவரியில், அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கிவைத்தார். எல்லாம் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த மையங்கள். தமிழகத்தில் மொத்த அங்கன்வாடி மையங்கள் 54,439 என்பதை வைத்துப் பார்த்தால், நூற்றுக்கு ஐந்து கூடத் தேறாது. வெறும் தொடக்கப் பள்ளி மட்டும் உள்ள ஊர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இருந்தாலும் அது பெரிய ஆரம்பம்தான்.

சிக்கல் ஆசிரியரில் தொடங்கியது. புதுப் பணியிடம் உருவாக்கவில்லை. தொடக்கப் பள்ளிகளில் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். ‘ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்கப் பயிற்சி பெற்ற எங்களுக்கு மூன்று வயதுப் பிள்ளைகளைக் கையாளப் பயிற்சி இல்லையே’ என்று ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். சிலர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனார்கள். மாண்டிசோரி முறையில் குறுகிய காலப் பயிற்சி தரப்பட்டது. அதற்குள் கொரோனா வந்து எல்லாக் கதவையும் சாத்திவிட்டது.

2022 ஜூனில் பள்ளிகள் வழக்கம்போலத் திறந்தபோது, ஒன்று முதல் ஐந்து வரை ஆசிரியர் போதவில்லை என்பதால், மழலையர் வகுப்புக்கு அனுப்பியவர்களைத் திரும்ப அழைப்பதாகவும், அந்தப் பிள்ளைகள் பழையபடி அங்கன்வாடியிலேயே இருப்பார்கள் என்றும் அறிவிப்பு வந்தது. எதிர்க்கட்சிகள் மட்டுமல்ல, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களிலேயே பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, வகுப்புகள் பள்ளிகளில் தொடரும் என்றார். தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் வந்தார்கள். மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய்.

இந்தத் தொகையை ஒருமுறை வகுத்துப் பார்க்கலாம். மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால், நாளொன்றுக்கு 227 ரூபாய். அதே 2022-23இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த தினக்கூலி 281. இருபது பிள்ளைகளின் முதல் ஆசிரியருக்கு வாய்க்கால் தூர்வாருகிறவரின் கூலியை விடக் குறைத்துக் கொடுத்துவிட்டு, தனியார் நர்சரியோடு போட்டி போடுகிறோம் என்று சொல்வது கொஞ்சம் துணிச்சல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2002இல் நிறைவேறிய 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஆறு வயது வரையிலான குழந்தைப் பராமரிப்பையும் கல்வியையும் அரசு வழங்க முயல வேண்டும் என்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மூன்று வயதைக் கடந்தவர்களுக்கு இலவச முன்பருவக் கல்வி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் கொடுக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. வேடிக்கை, அடுத்த பிரிவில் இருக்கிறது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு திருப்பிக் கொடுக்கும். தமிழகத்தில் நுழைவு வகுப்பு என்றால் பெரும்பாலும் எல்.கே.ஜி. ஆக, ஒன்றியப் பள்ளியில் எல்.கே.ஜி. நடத்தப் பணம் இல்லை என்று கைவிரிக்கும் அரசு, அதே ஊர்ப் பிள்ளை தனியார் எல்.கே.ஜி.யில் படிக்கப் பணம் கட்டுகிறது. அதுவும் எட்டாம் வகுப்பு வரை. ஒன்றிய அரசிடமிருந்து நிதி வராததால் 2025இல் இந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது வேறு கதை.

பஞ்சாப் வேறு வழியில் போனது. 2017 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று வயது முதல் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியது. குறிப்பிட்ட சில பள்ளிகளில் என்று இல்லாமல், மாநிலம் முழுக்க. உடனே தெருவில் இறங்கியவர்கள் அங்கன்வாடிப் பணியாளர்கள். பிள்ளைகளைப் பள்ளி எடுத்துக்கொண்டால் எங்கள் மையத்துக்கு யார் வருவார்கள், எங்கள் வேலை என்னாகும் என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் தப்பு இல்லை.

தமிழகத்து ஊர்களிலும் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். அங்கன்வாடி சமூக நலத் துறையின் கையில். பள்ளி, கல்வித் துறையின் கையில். ஒரே வளாகத்தில் பத்தடி தூரத்தில் இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு இரண்டு பதிவேடு, இரண்டு ஆய்வு அலுவலர்கள், இரண்டு சாவி. பால்வாடி டீச்சர் வாரத்துக்கு எத்தனை முட்டை, சத்துமாவு பாக்கெட் இருப்பு எவ்வளவு, எந்தக் குழந்தைக்கு எடை குறைந்திருக்கிறது என்று பதிந்துகொண்டிருப்பார். பக்கத்துத் தலைமையாசிரியர் எமிஸ் இணையதளத்தில் வருகையைப் பதிந்துகொண்டிருப்பார். 

ஊரில் எந்த வீட்டில் எத்தனை மாதக் குழந்தை என்பது பள்ளிக்குத் தெரியாது. பால்வாடி டீச்சருக்குத் தெரியும். கர்ப்பிணியாகப் பதிந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை அவருடைய குடும்பப் பதிவேட்டில் இருக்கிறது. மழலையர் வகுப்புக் கேட்கும் எந்த ஊரும் முதலில் உட்காரவைத்துப் பேச வேண்டியவர் அவர்தான். அவரை ஓரங்கட்டிவிட்டு எழுதும் மனு, அவருடைய எதிர்ப்பு மனுவையும் கூடவே அழைத்துக்கொண்டு போகும். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று முன்பருவக் கல்விக்கென ஒரு பாடத்திட்டமே அங்கன்வாடியில் இருக்கிறது. சமைக்கிற, எடை பார்க்கிற, கணக்கு எழுதுகிற வேலைகளுக்கு நடுவே அதை நடத்த நேரம் கிடைப்பதில்லை என்பதுதான் குறை. பாடம் நடத்த ஓர் ஆசிரியர் அதே இடத்துக்கு வந்தால், உணவும் உடல்நலமும் பால்வாடி டீச்சர் பொறுப்பிலேயே தொடரலாம்.

வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஊருக்கும் கல்வியாளர்களுக்கும் ஒத்துப்போகாது. பெற்றோர் கேட்பது நோட்டு. நான்கு கோடு போட்டதில் ஏ, பி, சி, டி, தினமும் வீட்டுப்பாடம், பெல்ட், ஐ.டி. கார்டு. மூன்றரை வயது விரலுக்குப் பென்சிலைப் பிடிக்கும் பக்குவம் வந்திருக்காது. களிமண் உருட்டுவதும், புளியங்கொட்டையைக் குழியில் எண்ணிப் போடுவதும், பாட்டுக்குக் கை தட்டுவதும்தான் அந்த வயதின் எழுத்துப் பயிற்சி. இதைச் சொல்லிக்கொடுக்க மரியா மாண்டிசோரியே சென்னைக்கு வந்திருந்தார். 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்தவர், போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் சில காலம் இருந்து, 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். அவர் பெயர் இன்று தமிழகத்தில் எத்தனையோ நர்சரிப் பலகைகளில் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்.

அரசுப் பள்ளி அதைக் காப்பியடிக்கத் தேவையில்லை. ஆனால், பிள்ளை என்ன கற்றது என்று பெற்றோருக்குக் காட்ட ஏதாவது வழி வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாக்களை வகுப்பிலேயே உட்காரவைத்துப் பாட்டையும் கதையையும் பார்க்கச் சொன்னால் பாதிச் சந்தேகம் தீரும்.

இனி மனு. ‘எல்.கே.ஜி. தொடங்கக் கோருதல்’ என்று ஒற்றை வரியில் தீர்மானம் எழுதி அனுப்பினால், வட்டாரக் கல்வி அலுவலகத்தில் அது ஒரு தபால் எண்ணாகப் படுத்துக்கொள்ளும். ஊரில் மூன்று முதல் ஐந்து வயது வரை எத்தனை பிள்ளைகள், அவர்களில் வெளியூர் வேனில் போவோர் எத்தனை பேர், வேனுக்கும் கட்டணத்துக்கும் ஒரு குடும்பம் செலவழிப்பது எவ்வளவு என்ற கணக்கு பெயர்ப் பட்டியலோடு இருக்க வேண்டும். அறை வேண்டும், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில் பூட்டிய அறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தரைத்தளமாக இருக்க வேண்டும், இரண்டு வாசல் வேண்டும். 2004 கும்பகோணம் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குழாய் இரண்டடி உயரத்துக்கு இறங்க வேண்டும். கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொள்ளாத மாதிரி இருக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் தலை சாயும் பிள்ளைகளுக்குப் பாய் வேண்டும். நனைந்த டிரவுசரை முகம் சுளிக்காமல் மாற்றிவிட ஓர் ஆயா வேண்டும். இதை எந்த ஆசிரியர் தலையிலும் கட்டக் கூடாது. 2013 தேசிய முன்பருவக் குழந்தைக் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயது வரை இருபது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்திருக்கிறது. 2023 முதல் மாநிலம் முழுக்க நடக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கானது. அடுத்த அறையில் பொங்கல் மணக்கும்போது நான்கு வயதுப் பிள்ளைக்கு மட்டும் தட்டு இல்லை என்றாகிவிடாமல், அதையும் மனுவில் சேர்த்துவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நிபந்தனை: தனிப் பணியிடம். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள்தான். ஏற்கெனவே ஐந்து வகுப்பைப் பங்குபோட்டுக்கொள்ளும் அவர்களிடம் ஆறாவது, ஏழாவது வகுப்பையும் ஒப்படைத்தால், எல்.கே.ஜி. பெயருக்கு நடக்கும், ஐந்தாம் வகுப்பு சுத்தமாக நடக்காது. முன்பருவக் கல்வியில் பட்டயம் பெற்ற ஒருவருக்கு முழுச் சம்பளப் பணியிடம் கிடைக்கும் வரை வகுப்பைத் தொடங்கவே வேண்டாம் என்று ஊரே சொல்லத் துணிய வேண்டும். 2019இல் வந்ததைப் போல ஒரு பலகை மட்டும் வந்து சேர்ந்தால், மூன்று ஆண்டில் அதைக் கழற்றவும் ஆள் வரும்.

தேதியும் முக்கியம். தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறினால், விஜயதசமிக்கு முன்பே பெற்றோரிடம் பேசிவிடலாம். அடுத்த பட்ஜெட்டுக்குள் பணியிடக் கோப்பு நகரவும் சுமார் ஆறு மாதம் கிடைக்கும். ஜனவரி 26க்குத் தள்ளிப்போட்டால், அதற்குள் பக்கத்து ஊர் நர்சரிப் பள்ளி அடுத்த ஆண்டு எல்.கே.ஜி.க்கு விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கியிருக்கும்.