டீம் அமெரிக்கா: வேர்ல்ட் போலீஸ் (திரைப்படம்)

டீம் அமெரிக்கா: வேர்ல்ட் போலீஸ் என்பது 2004 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவில் வெளியான, வயது வந்தோருக்கான அங்கத நகைச்சுவைத் திரைப்படமாகும். டிரே பார்க்கர் இயக்கினார். அவரும் மேட் ஸ்டோன், பாம் பிராடி ஆகியோரும் திரைக்கதை எழுதினர். சவுத் பார்க் என்ற கேலிச்சித்திரத் தொடரை உருவாக்கியவர்கள் பார்க்கரும் ஸ்டோனும்தாம். இப்படத்தில் மனித நடிகர்களுக்குப் பதிலாக ஏறத்தாழ 22 அங்குல உயரமுள்ள நூல்பாவைகளே நடிக்கின்றன.

உலகைத் தீவிரவாதிகளிடமிருந்து காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு அமெரிக்கப் படைக்குழு, நாடகமேடை நடிகன் கேரியை உளவு வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறது. எதிரி, வட கொரியத் தலைவர் கிம் ஜொங்-இல். அவர் அப்போது உண்மையில் ஆட்சியில் இருந்தவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முதல் காட்சியிலேயே இக்குழு பாரிசில் சில தீவிரவாதிகளைப் பிடிக்கப்போய் ஈபல் கோபுரத்தைச் சாய்த்துவிடுகிறது. பிறகு பெருமிதத்துடன் புறப்படுகிறது. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இக்காட்சியின் பொருள் எவருக்கும் விளங்கியிருக்கும்.

1960களில் வெளிவந்த தண்டர்பேர்ட்ஸ் என்னும் பிரித்தானியப் பாவைத் தொடரே இதற்கு முன்மாதிரி. ஆனால் நூல்களை மறைக்க இவர்கள் முயலவில்லை. பாவைகளால் சரியாக நடக்க முடியாது. சண்டைக்காட்சியில் ஒன்றையொன்று தொட்டுத் தள்ளாடுகின்றன. அதிரடிப் படங்களின் வீரவசனத்தை இந்தத் தள்ளாட்டத்துடன் பேசவைத்ததே படத்தின் நகைச்சுவைக்கு அடிப்படை. தயாரிப்போ எளிதாக இல்லை. ஒரு பாவை எதையாவது குடிப்பது போன்ற சிறு காட்சிக்கே அரை நாள் ஆனது. மேட் டேமன் பாவையின் முகம் மந்தமாக அமைந்துவிட்டதால், அது தன் பெயரை மட்டுமே சொல்லும்படி வசனத்தை மாற்றினர்.

தணிக்கையில் எழுந்த சிக்கல் வேடிக்கையானது. இரு பாவைகளின் பாலுறவுக் காட்சிக்காகப் படத்திற்கு என்சி-17 சான்று கிடைக்கும் நிலை ஏற்பட்டது. பதினேழு வயதும் அதற்குக் குறைவானோரும் பெற்றோருடன் வந்தாலும் பார்க்க முடியாது என்பது அதன் பொருள். குறைந்தது ஒன்பது முறை சமர்ப்பித்த பிறகே ஆர் சான்று கிடைத்தது. வன்முறைக் காட்சிகள் இவ்வளவு தொல்லை தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

படம் யாருக்கும் சலுகை காட்டவில்லை. போரை ஆதரிப்போரின் அகந்தையைக் கேலி செய்த கையோடு, போரை எதிர்த்த ஹாலிவுட் நடிகர்களையும் கிம்மின் ஏமாளிகளாகக் காட்டியது. திரைவிமர்சகர் ராஜர் ஈபர்ட் ஒரே நட்சத்திரம் கொடுத்து, எல்லோரையும் தாக்கும் இப்படத்திற்குத் தனக்கென ஒரு நிலைப்பாடு இல்லை என்று குறைகூறினார். இக்குறையை எளிதில் ஒதுக்க முடியாது. வெளியீட்டையொட்டி, விவரம் அறியாதவர் வாக்களிக்காமல் இருப்பதில் வெட்கமில்லை என்று ஸ்டோன் பேசியதைக் கண்டித்து நடிகர் ஷான் பென் கடிதம் எழுதினார். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அப்போது சில வாரங்களே இருந்தன. எனினும், அங்கதம் எழுதுபவர் தீர்வும் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லா அங்கதத்திற்கும் பொருந்துமா என்பது விவாதத்திற்குரியது.

சுமார் 3.2 கோடி டாலர் செலவில் உருவான படம் உலகளவில் ஏறத்தாழ 5.1 கோடி டாலர் வசூலித்தது.

பத்தாண்டுகள் கழித்து இப்படம் மீண்டும் பேசப்பட்டது. 2014 டிசம்பரில், கிம் ஜொங்-உன்னைக் கேலி செய்த தி இன்டர்வியூ படத்தின் வெளியீடு மிரட்டல்களால் நிறுத்தப்பட்டபோது, டாலஸ் நகரத் திரையரங்கு உட்படச் சில அரங்குகள் அதற்குப் பதிலாக இந்தப் பாவைப் படத்தைத் திரையிட முன்வந்தன. பாரமவுண்ட் நிறுவனம் அனுமதி தரவில்லை. கிம் ஜொங்-இல் உயிருடன் இருந்தபோது தடையின்றி ஓடிய படம், அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் திரைக்கு வர முடியாமல் போனது.