நாக்குக்குத் தப்பும் நஞ்சு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். மணிலாக்கொட்டை மல்லாக்கொட்டையாகி, அதுவும் தேய்ந்து நின்ற பெயர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களை டி.எம்.வி. என்பார்கள்; அந்த மூன்றெழுத்தும் ஊர்ப்பெயரின் சுருக்கமே.

மார்க்கெட் கமிட்டியில் மூட்டையைப் பிரித்ததும் வியாபாரி ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்குவார். காய்ந்த காயில் பருப்பு கலகலக்கும். அந்த அதிர்வு காதுக்கு மட்டும் போவதில்லை. உள்ளங்கைத் தோலுக்கடியில் வெங்காயம்போல் அடுக்கடுக்காக உறை சுற்றிய பசினியன் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. நொடிக்கு 200, 300 முறை அதிர்ந்தாலும் மூளைக்குச் சொல்லிவிடும். பிறகு கட்டைவிரலால் உடைத்துத் தோட்டின் உட்புறம் பார்ப்பார். வெளுத்திருந்தால் பிஞ்சு, கறுத்திருந்தால் முற்றல். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

மூக்கின் வேலை வறுக்கும்போது தொடங்குகிறது. பச்சைக் கடலையில் இல்லாத அந்த மணம், சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலமும் கலந்து பிறக்கும் பைரசின்களால் வருவது. மூக்கின் மேற்கூரையில் சில சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஏறத்தாழ 400 வகை மண வாங்கிகள் உள்ளன. ஒரு மணம் பல வாங்கிகளைத் தொடும். எவையெவை சேர்ந்து தூண்டப்பட்டன என்பதை வைத்து மூளை அதை அடையாளம் காண்கிறது. இந்த வாங்கிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. காட்சியும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மேலே போகும். மணம் அங்கே நிற்காமல் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளை எட்டிவிடும். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கடலை வறுபடும் வாசம் வந்தால், எனக்குப் பாட்டி வீட்டுக் களம்தான் முதலில் வருகிறது; பேருந்து அப்புறம்.

அப்புறம் அந்தக் கடைசிக் கசப்புக் கடலை. ஒரு பிடி தின்ற இன்பத்தையெல்லாம் ஒரு சொத்தைப் பருப்பு கெடுத்துவிடும். இனிப்பைப் பிடிக்க நாக்கில் ஒரே வகை வாங்கி. கசப்புக்கோ சுமார் 25. தாவர நஞ்சுகள் பலவும் கசப்பவை என்பதால் உடம்பு அங்கே கூடுதல் காவல் வைத்திருக்கிறது. துப்பிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன்.

1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது. சுவை கிடையாது, மணம் கிடையாது, வறுத்தாலும் முழுதாக அழியாது. அமெரிக்காவில் உணவுக்கு அனுமதித்த அளவு நூறு கோடிப் பங்கில் 20 பங்கு. அதை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? ஆய்வகத்தில் பிரித்தெடுத்துப் புறஊதா ஒளியில் காட்டினால் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கித் தெரிகிற நிறமாகத் திருப்பித் தருகிறது. அந்த ஆங்கில நிறப்பெயர்களின் முதலெழுத்தே பி, ஜி என்று அதன் வகைகளுக்குப் பெயரானது.

ஆனால் பூஞ்சை புகுந்த பருப்பு பெரும்பாலும் சுருங்கியோ நிறம் மாறியோ கிடக்கும். ஒரு குவியலில் நஞ்சின் பெரும்பங்கு அப்படிப்பட்ட சில பருப்புகளிலேயே இருக்கும். களத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நாள் முழுக்கப் பொறுக்கி எறிவது அவற்றைத்தான்.