கணக்கில் வராத வன்கொடுமைகள்

அவிநாசி வட்டம், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் 2018 ஜூலையில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். முதலில் வந்தது அந்தப் பெண்ணுக்கே இடமாறுதல் உத்தரவு. மக்கள் திரண்டு போராடிய பிறகுதான் உத்தரவு ரத்தானது. 80-க்கும் மேற்பட்டோர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2018-ல் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் 42,793 என்கிறது. எத்தனை பேர் மீது பதிவானாலும் அந்தக் கணக்கில் இது ஒரே ஒரு வழக்குதான். போராட்டம் நடக்காமல் போயிருந்தால் அந்த ஒன்றும் இருந்திருக்காது.

குற்றங்களை எண்ணி, அதைக் கொண்டு சமூகத்தைப் படிக்கும் வழக்கத்துக்கு வயது 200 ஆகிறது. பிரான்ஸ் அரசு 1825-ம் ஆண்டின் குற்ற வழக்குகளைத் தொகுத்து 1827-ல் வெளியிட்டது. அந்த விவரங்களைக் கொண்டு கெரி என்ற வழக்கறிஞர் 1833-ல் குற்ற வரைபடங்கள் வரைந்தார். படிப்பு குறைந்த பகுதியில்தான் குற்றம் அதிகம் என்ற பொது நம்பிக்கை அதில் அடிபட்டுப் போனது. பெல்ஜியத்தின் கெத்லே, ஆண்டுதோறும் குற்ற எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவில் வருவதைக் காட்டி, குற்றத்தின் வேர் சமூகத்தில் இருக்கிறது என்றார்.

கெத்லே ஓர் எச்சரிக்கையும் செய்தார். நமக்குத் தெரிவது பதிவான குற்றம் மட்டுமே. பதிவானதற்கும் பதிவாகாததற்கும் உள்ள விகிதம் மாறாமல் இருந்தால்தான் கணக்கை நம்ப முடியும்.

அதே நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு இங்கே என்ன செய்தது? 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. 1911 சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தக் கொடுமை, இங்கே 1947-ல்தான் நீங்கியது. ஏட்டில் யார் பெயர் ஏறும் என்பதை எழுதுகோல் வைத்திருப்பவரே முடிவு செய்தார்.

இன்றும் அப்படித்தானே? தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர், கூலி கொடுப்பவர் மீதே புகார் கொடுக்க வேண்டும். டீக்கடையில் தனிக் குவளை கொடுத்தாலும், கோயிலுக்குள் விடாமல் தடுத்தாலும், 'பேசி முடிச்சுக்கலாம்' என்று ஊரில் அமுக்கிவிடுகிறார்கள். கெத்லே சொன்ன விகிதம் இங்கே ஊருக்கு ஊர் மாறும். ஒரு காவல் நிலையத்தில் வன்கொடுமை வழக்கு பூஜ்யம் என்றால், அங்கே தீண்டாமை இல்லை என்று பொருளா, புகார் வாங்கவில்லை என்று பொருளா?

நாடு முழுவதும் 2022-ல் பதிவானவை 57,582. எண் ஏறினால் கொடுமை கூடியிருக்கலாம். மக்களின் துணிச்சலும் கூடியிருக்கலாம். அந்த எண் மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது 1995 விதி. காவல் நிலையம் வாரியாக வந்த மனுக்கள் எத்தனை, வழக்கானவை எத்தனை என்ற இரண்டு எண்களையும் ஒவ்வொரு கூட்டத்திலும் அருகருகே வைக்கக் கேட்போம். வழக்குப் பதிவுக்கு முன் விசாரணை தேவையில்லை என்று 2018-ல் சேர்க்கப்பட்ட 18-ஏ பிரிவு சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. கேட்டு வாங்குவோம். கணக்கில் ஏறாத கொடுமைக்கு அரசு பதில் சொல்லாது.