மீண்டும் குளத்தில் இறங்கும்போது ஸ்மார்ட் வாட்ச் சொல்வதை நம்பலாமா?

கம்ப்யூட்டர் இதழில் நீச்சல் குளத்திற்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கலாம். காலை ஆறு மணி பேட்ச்சில் குளத்தில் இறங்குபவர்களின் மணிக்கட்டைப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். கரோனா காலத்தில் விட்டுப்போன நீச்சலை மீண்டும் தொடங்குபவர்கள் பலர், வாட்ச் காட்டும் எண்களை வைத்தே தங்கள் உடம்பை எடை போடுகிறார்கள். அந்த எண்களில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்று நான் சோதித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் தியேட்டர்களோடு நீச்சல் குளங்களும் மூடப்பட்டன. எல்லோரும் குளத்தைப் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தது 2021 பிப்ரவரியில். இரண்டே மாதத்தில் இரண்டாம் அலை வந்து மறுபடியும் பூட்டு விழுந்தது. அந்த மே மாதம் எனக்கே கரோனா வந்து, ஒன்பது நாள் ஆக்ஸிஜன் வைத்துப் படுத்திருந்தேன். பிறகு குளம் திறந்தபோதும் போக மனம் வரவில்லை. 2023 ஜூனில், 56 வயதில், டாக்டரைக் கேட்டுக்கொண்டு இறங்கினேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். நாடித் துடிப்பு 120ஐத் தாண்டினால் நீந்துவதை நிறுத்திவிட வேண்டும். எனவே வாட்ச் காட்டும் எண் எனக்கு வெறும் அலங்காரம் அல்ல.

டிராயரில் மூன்றாண்டு கிடந்த வாட்சை எடுத்து அப்படியே தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள். பின்பக்கம் "5 ஏ.டி.எம்." என்று எழுதியிருக்கும். (இது பணம் எடுக்கும் ஏ.டி.எம். அல்ல!) 50 மீட்டர் ஆழத்து நீர் அழுத்தத்திற்கு இணையான அழுத்தத்தில் புதிய வாட்சைச் சோதித்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். அதைக் கட்டிக்கொண்டு 50 மீட்டர் ஆழம் போகலாம் என்பதல்ல. உள்ளே நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் நாளாக ஆகத் தளர்ந்துபோகும். குளோரின், சோப்பு, வெந்நீர் எல்லாமே அதற்குப் பகை. "ஐ.பி. 68" என்று மட்டும் போட்டிருந்தால் அது நீச்சலுக்கான சான்று ஆகாது. பாட்டரியையும் பாருங்கள். லித்தியம் அயான் பாட்டரியை முழுவதும் தீர்ந்த நிலையில் நெடுநாள் வைத்திருந்தால் அதன் கொள்ளளவு குறையும். எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும்.

அடுத்து முக்கியமான விஷயத்திற்கு வருவோம். வாட்ச் தூரத்தை எப்படி அளக்கிறது? ஜி.பி.எஸ். மூலம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஜி.பி.எஸ். சிக்னல் தண்ணீருக்குள் ஊடுருவாது. கடலிலோ ஏரியிலோ நீந்தும்போது கை நீருக்கு மேலே வரும் கணங்களில் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். குளத்திற்கான மோடில் அந்த வேலையே இல்லை. உள்ளே இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர், கைராஸ்கோப் ஆகிய சென்சார்கள் உங்கள் கை அசைவைக் கவனிக்கின்றன. கை வீச்சு நின்று, சுவரை உதைத்து, உடல் வழுக்கிக்கொண்டு போகும் அந்த அமைப்பைக் கண்டதும் ஒரு லெங்த் முடிந்தது என்று கணக்கு வைக்கிறது. அதை நீங்கள் செட்டிங்ஸில் கொடுத்த குளத்தின் நீளத்தால் பெருக்குகிறது. அவ்வளவுதான்.

ஆகவே குளத்தின் நீளம் 25 மீட்டரா, 50 மீட்டரா, 25 கெஜமா என்பதைச் சரியாகத் தர வேண்டும். 25 கெஜம் என்பது 22.86 மீட்டர்தான். அபார்ட்மென்ட் குளங்களில் அளவை டேப் வைத்தே அளந்துவிடுங்கள். மிகவும் சிறிய குளங்களைப் பல வாட்ச்கள் ஏற்பதே இல்லை.

இந்த ஏற்பாடு நிற்காமல் நீந்துபவர்களுக்காகச் செய்யப்பட்டது. நீண்ட இடைவெளிக்குப் பின் வருபவர் எப்படி நீந்துவார்? பாதி தூரத்தில் மூச்சு வாங்கும். நிற்பார், கண்ணாடியைத் துடைப்பார், தரையை உதைத்து மறுபடி கிளம்புவார். வாட்ச் இதைச் சுவரில் திரும்பியதாக எடுத்துக்கொள்ளும். முதல் நாள் முடிவில் என் வாட்ச் 14 லெங்த் காட்டியது. கரையில் நின்று மாஸ்டர் எண்ணியது எட்டு ரவுண்டு. 200 மீட்டர் நீந்தியவனுக்கு 350 மீட்டர் என்று பாராட்டு! பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தால் நேர்மாறாக நடக்கும். கை அசையாததால் எதுவுமே கணக்கில் வராது. சில வாட்ச்களில் இதற்கென்று "டிரில்" என்ற வசதி உண்டு. அதில் தூரத்தை நாமே பதிய வேண்டும்.

"சார், வாட்சை அப்புறம் பார்த்துக்கலாம். தண்ணிக்குள்ள மூச்சை முழுசா விடுங்க, முதல்ல அது வரட்டும்," என்றார் மாஸ்டர். உள்ளே விடாத மூச்சை மேலே வந்து விட்டு, அதே நொடியில் இழுக்கவும் பார்ப்பதால்தான் பாதியில் நிற்க வேண்டிவருகிறதாம். இதைச் சொல்ல எந்த வாட்சிலும் சென்சார் இல்லை.

இப்போது நாடித் துடிப்பு. வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தை ஒளியின் மூலம் படிக்கிறது. வாட்சுக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் புகுந்தாலோ, கை வீச்சில் வாட்ச் ஆடினாலோ இந்த வாசிப்பு கெடும். ஒரு நாள் நான்கு ரவுண்டு முடித்து நெஞ்சு படபடக்கச் சுவரைப் பிடித்தேன். வாட்ச் 88 காட்டியது. கழுத்தில் இரு விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ணினேன். 34 துடிப்பு, நான்கால் பெருக்கினால் 136. வாட்சை நம்பியிருந்தால் ஐந்தாவது ரவுண்டு போயிருப்பேன். டாக்டர் எல்லை வகுத்துக் கொடுத்திருந்தால் விரல் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோடு உள்ள மார்புப் பட்டை இதைவிட மேல். ஆனால் ப்ளூடூத் சிக்னலும் தண்ணீரில் எடுபடாது. எனவே அளவைத் தன் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு அனுப்பும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை அதிகம்தான்.

பிறகு வாட்சினால் என்னதான் பயன் என்கிறீர்களா? ஒரு எண் உண்மையிலேயே உதவியது. அதன் பெயர் ஸ்வால்ஃப். ஸ்விம், கோல்ஃப் என்ற இரு சொற்களையும் ஒட்டி வைத்த பெயர். ஒரு லெங்த்துக்கு ஆன விநாடிகளையும், கை வீச்சுகளையும் கூட்டினால் வருவது. கோல்ஃபைப் போலவே, குறைந்தால் நல்லது. நிற்காமல் முடித்த லெங்த்களில் மட்டும் இதைப் பாருங்கள். பல வாட்ச்கள் வாட்ச் கட்டிய கையின் வீச்சை மட்டுமே எண்ணும். அதனால் நண்பரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. குளத்தின் நீளம் மாறினாலும் ஒப்பிட முடியாது.

2020 பிப்ரவரியில் என் கணக்கு 48 விநாடி, 13 வீச்சு, மொத்தம் 61. திரும்பி வந்தபோது 62 விநாடி, 17 வீச்சு, மொத்தம் 79. மூன்று மாதத்தில் வீச்சு 13க்கே வந்துவிட்டது. நேரம் 53 விநாடியில் நிற்கிறது. அதாவது கை பழசை மறக்கவில்லை; திரும்பி வர வேண்டியது தெம்புதான். இரண்டையும் தனித்தனியே பார்த்ததால்தான் இது தெரிந்தது.

இந்தப் பழைய கணக்கு கையில் இருந்ததற்குக் காரணம், 2019 முதலே நீச்சல் விவரங்களை மாதம் ஒருமுறை சி.எஸ்.வி. பைலாக எடுத்து கம்ப்யூட்டரில் வைத்ததுதான். அந்த வாட்ச் நிறுவனத்தின் பழைய அப்ளிகேஷன் இப்போது என் போனில் இன்ஸ்டால் ஆவதில்லை. உங்கள் சேவையின் இணையதளத்தில் "எக்ஸ்போர்ட்" எங்கிருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். ஐபோனில் ஹெல்த் அப்ளிகேஷனைத் திறந்து, உங்கள் படத்தின் மீது தட்டினால், எல்லா விவரங்களையும் எக்ஸ்போர்ட் செய்திடும் வசதி கிடைக்கும். அது தரும் ஸிப் பைலில் இருக்கும் எக்ஸ்.எம்.எல். பைல் மிகப் பெரிதாக இருக்கும். எக்ஸெல் திணறினால் பயப்படாதீர்கள்.

வாட்ச் இன்னமும் 2020ல் வைத்த 1,000 மீட்டர் இலக்கைத்தான் தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் போய் அதை 300 ஆக்கினேன். எக்ஸெலில் புதிதாக இரண்டு காலம் சேர்த்திருக்கிறேன். ஒன்று, விரலால் எண்ணிய நாடி. மற்றொன்று, நிற்காமல் போன ரவுண்டு. போன சனிக்கிழமை அதில் எழுதியது 116, 12.