காயில் கடையில் தொடங்கும் கோடை முகாம்

எங்கள் கோடை முகாமுக்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்தும் பழைய இரும்புக் கடையிலிருந்தும் வருகின்றன. விழுப்புரம் பக்கத்தில் போர் மோட்டார் இல்லாத ஊர் கிடையாது, அதனால் காயில் கட்டும் கடைக்கும் பஞ்சமில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும், மிஞ்சிய செம்புக் கம்பித் துண்டுகளைக் கடைக்காரர் ஒரு பையில் சேர்த்து வைத்திருப்பார். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தம் கிடைக்கும். சைக்கிள் கடையில் கிழிந்த டியூப், பெட்டிக்கடையில் ஊக்கு. டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரிக் கட்டையை மட்டும் புதிதாக வாங்குவோம். சாமான் செலவைவிடச் சுண்டல் செலவுதான் எங்களுக்கு எப்போதும் அதிகம்.

நடுநிலைப் பள்ளியில் நெடுங்காலம் அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பள்ளியில் மணி அடித்தால் பாடம் முடிந்துவிடும். பாதி சுற்றிய காயிலை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் புத்தகத்தை எடுக்க வேண்டும். மே மாதத்தில் அந்த மணி இல்லை. ஒரு பிள்ளைக்கு மோட்டார் ஓடக் காலை முழுவதும் ஆனாலும் யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. முகாமில் நாங்கள் கொடுப்பது முக்கியமாக இந்த நேரத்தைத்தான்.

அந்த மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேட்டரிக் கட்டையைப் படுக்க வைத்து, முனைக்கொரு ஊக்கை நிமிர்த்தி வைத்து, டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். கட்டையின் மேல் காந்தம். செம்புக் கம்பியைக் கட்டையின் மீதே பத்துச் சுற்றுச் சுற்றிக் கழற்றினால் வளையம் தயார். அதன் இரண்டு நுனிகளையும் எதிரெதிரே நீட்டி, ஊக்குகளின் காதுக்குள் நுழைத்துவிட்டால் வளையம் காந்தத்துக்கு மேலே தொட்டில் போலத் தொங்கும்.

இனிதான் சிக்கல். கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டாமல் மின்சாரம் பாயாது. பிள்ளைகள் இரண்டு நுனியையும் பளபளவென்று சுரண்டிவிட்டு மாட்டுவார்கள். வளையம் ஒரு துள்ளு துள்ளும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், நின்றுவிடும். கம்பி சூடாகும். “டீச்சர், கட்டை வீக்கு” என்பார்கள். கட்டையை மாற்றிக் கொடுப்போம். அப்போதும் அதே கதைதான்.

ஒரு நுனியை முழுதாகவும் இன்னொரு நுனியில் மேல்பாதியை மட்டும் சுரண்ட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டோம். வளையத்தை விரலால் மெதுவாகச் சுற்றிப் பார், எந்த இடத்தில் தள்ளுகிறது, எந்த இடத்தில் இழுக்கிறது என்று பார் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். வளையம் அரைச் சுற்று வந்ததும் காந்தம் அதை வந்த வழியே திருப்பி இழுக்கிறது. அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டால், வந்த வேகத்திலேயே வளையம் தாண்டிப் போய் அடுத்த தள்ளலைப் பிடித்துக்கொள்ளும். இதை ஒரு பிள்ளை விரல் நுனியில் உணர்ந்துவிட்டால், பாதிப் பூச்சை விட்டுவைக்கும் யோசனை தானே வந்துவிடுகிறது. சில பிள்ளைகள் நாங்கள் நினைத்தே பார்க்காத வழியையும் கண்டுபிடிப்பார்கள். போன முறை ஒரு பெண், முழுதாகச் சுரண்டிய நுனியின் ஒரு பக்கத்தில் நகப்பூச்சைத் தடவி ஓட்டிக் காட்டினாள்.

வீட்டு மிக்ஸிக்குள்ளும் இந்த வேலைதான் நடக்கிறது. அங்கே மின்சாரத்தை நிறுத்தாமல், சரியான நேரத்தில் திசையை மாற்றி விடுவார்கள். “கார்பன் தேஞ்சு போச்சு” என்று மெக்கானிக் ஒரு சின்னக் கறுப்புத் துண்டை மாற்றுவாரே, அது அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. மோட்டார் ஓட்டிய அன்று மாலையே மிக்ஸியைக் கழற்றப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கிய பிள்ளைகள் உண்டு. வீட்டுக் கரண்டைத் தொடவே கூடாது என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது அதனால்தான். முகாமில் பேட்டரிக் கட்டையைத் தவிர வேறு மின்சாரம் கிடையாது.

பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் இந்த வழி புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகள் பாடத்தை மனப்பாடம் செய்யாமல், கிராமத்தில் கிடைக்கும் பொருட்களை வைத்துத் தாங்களே சோதனை செய்து அறிவியல் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1978இல் அங்கே போன கான்பூர் ஐ.ஐ.டி. பொறியாளர் அரவிந்த் குப்தா, சந்தையில் விற்ற சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் சேர்த்து வடிவங்கள் கட்டக் காட்டினார். மூன்று குச்சியால் கட்டிய முக்கோணம் அசையாது, நான்கு குச்சிச் சதுரம் நசுங்கும்; பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பது பிள்ளைக்குக் கையிலேயே தெரிந்துவிடும். அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆனால் விதை எங்கெங்கோ போய் விழுந்தது. நம் பக்கம் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் முகாம்களிலும், 1987இலிருந்து வரும் ‘துளிர்’ இதழிலும் இந்தக் கைவேலை மணம் உண்டு. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைச் சாமான்களோடு ஆட்களை அனுப்புகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோ 2019இல் தொடங்கிய யுவிகா முகாமும் கோடை விடுமுறையில் நடப்பதுதான். அதற்குத் தேர்வாகிறவர்கள் சிலர்தான். ஊர்ப் பள்ளி முகாமுக்கு வர யாரும் தேர்வாக வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு ஒரு குச்சி போதும். விளையாட்டுத் திடலில் சமதரையாகப் பார்த்து ஒரு மீட்டர் குச்சியை நடுவோம். கொத்தனார் தூக்குக்குண்டை வாங்கி வந்து குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்போம். நடும் முன் எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும்: நடுப்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழும்? “விழாது, சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்” என்று பலர் எழுதுவார்கள். வேடிக்கை பார்க்க வரும் பெரியவர்களும் அதையே சொல்வார்கள். விவரமான ஒன்றிரண்டு பேர் வடக்கே விழும் என்பார்கள்.

பதினொன்றரை மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு ஆணி அடிக்கிறோம். நிழல் குறுகிக்கொண்டே வரும். மே மாத நடுவில், எங்கள் ஊரில் 12 மணி 8 நிமிடம் வாக்கில் அது மிகக் குட்டையாகும். நீளம் 12 செ.மீ. விழும் திசை தெற்கு! நோட்டில் எழுதியவர்கள் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பார்கள். காம்பஸ் கெட்டுவிட்டதா என்று சந்தேகப்படுவார்கள். ஊர்க் கோயில் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று வைத்துத் திசையைச் சரிபார்ப்பார்கள்.

விழுப்புரத்துக்கு நேர் மேலே சூரியன் ஏப்ரல் 21 வாக்கில் வந்து போய்விடுகிறது. அன்று நண்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு ஜூன் 21 வரை சூரியன் வடக்கே போய்க்கொண்டிருப்பதால், மே மாதத்து நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. ஆகஸ்ட் 21 வாக்கில் திரும்பி வரும்போது இன்னொரு நாள் நிழல் இல்லாமல் போகும். சென்னையில் அந்த நாள் ஏப்ரல் 24 வாக்கில் வரும், மதுரையில் ஏப்ரல் 16 வாக்கில், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில். இதையெல்லாம் நான் சொல்வதற்குள் ஒரு பையன், “எங்க வீடு வடக்குப் பார்த்த வீடு, திண்ணையில இந்த ரெண்டு மூணு மாசம்தான் வெயில் அடிக்கும்” என்றான். அவன் ஆயா அதற்காகவே கட்டிலை இடம் மாற்றிப் போடுவாராம். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சான்றை அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தான்.

இதையே இன்னொரு ஊரோடு சேர்ந்து செய்தால் பூமியையே அளந்துவிடலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டாஸ்தனிஸ் எகிப்தில் செய்தது அதுதான். சென்னையிலும் கன்னியாகுமரியிலும் ஒரே நாள் நண்பகலில் நிழலை அளந்து கோணம் கண்டால், இரண்டுக்கும் 5 டிகிரி வித்தியாசம் வரும். வட்டத்தில் 5 டிகிரி என்பது 72இல் ஒரு பங்கு. பிள்ளைகள் உடனே பேருந்துத் தூரமான 700 கி.மீ.யை 72ஆல் பெருக்கி, பூமியின் சுற்றளவு 50,400 கி.மீ. என்பார்கள். உண்மை 40,000. எங்கே பிசகியது என்று வரைபடத்தை விரித்துத் தேடினால், சாலை நேராக வடக்கே போகவில்லை, சாய்ந்தும் வளைந்தும் போகிறது என்பது தெரியும். நேர் வடக்கு தெற்காக அளந்தால் சுமார் 555 கி.மீ.தான். அதை 72ஆல் பெருக்கிப் பாருங்கள். தப்பான விடை வந்த இடத்தில் இவ்வளவு கற்க முடியும்போது, சரியான விடையை நாம் ஏன் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்?

இதைத்தான் உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. ஆசையாக வருகிறார்கள், நல்லவர்கள். ஒரு பிள்ளையின் வளையம் சுற்றவில்லை என்றால் மனம் தாங்காமல் வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை கைதட்டும், அதோடு சரி. பிள்ளையின் கையிலிருக்கும் பொருளை நாம் வாங்கக் கூடாது என்பதை முகாமின் முதல் விதியாக வைத்திருக்கிறேன். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் உதவி அதிகமாகிவிடும்.

நகரத்தில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒரு முகாமுக்கு என் உறவுக்காரப் பையன் போய்வந்தான். சான்றிதழும் ஓடுகிற ஒரு பொம்மை வண்டியும் கொண்டுவந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். “அதைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றான். அந்தப் பதில் எனக்கு வலித்தது. கட்டணம் கூடுதலா குறைவா என்பதை விடுங்கள். பிள்ளை எதையாவது பிரித்ததா, எதையாவது தானே அளந்ததா, தன் கணக்கைத் தானே திருத்தியதா என்று விசாரித்துவிட்டு முகாமுக்கு அனுப்புங்கள்.

ஊரில் நடத்த நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும்; பிற்பகல் வெயிலில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது சரியல்ல. நிழல் சோதனையின்போது மரத்தடியில் இருந்துகொண்டு ஆணி அடிக்க மட்டும் வெளியே போகட்டும். மோர் எப்போதும் இருக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பிளேடு பெரிய பிள்ளைகளிடம் மட்டும். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பதால் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் பெண் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாதீர்கள். குட்டிகளுக்கு ஒரு மூலையில் மண்ணும் தண்ணீரும் வைத்துவிட்டால் அவர்களும் ஒரு முகாம் நடத்திக்கொள்வார்கள்.

கடைசி நாளுக்கு நாங்கள் வைத்திருப்பது வெற்றிலைச் சுண்ணாம்பு. முதல் நாள் இரவே தண்ணீரில் கரைத்து மூடி வைத்தால் காலையில் மேலே தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் கண்ணாடி டம்ளரில் எடுத்து உறிஞ்சுகுழலால் ஊதச் சொல்வோம். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. கண்ணில் தெறிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் பால் போல் ஆகும். பெரும்பாலான இடங்களில் சோதனை இதோடு முடிந்துவிடும். நாங்கள் நிறுத்தாமல் ஊதச் சொல்வோம். வாய் வலிக்க ஊதினால் பால் மெல்ல மெல்லத் தெளிந்து மறுபடி தண்ணீராகிவிடும். “டீச்சர், பால் எங்க போச்சு?”

அந்தத் தெளிந்த தண்ணீரை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் வைக்கிறோம். கொதிக்கக் கொதிக்க வெள்ளை திரும்பி வருகிறது. கூடுதல் கரியமில வாயுவோடு சேர்ந்து கரைந்துபோன சுண்ணாம்புப் பொருள், சூட்டில் வாயு வெளியேறியதும் மறுபடி படிகிறது. எங்கள் போர் தண்ணீரில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் கெட்டியாகப் பிடித்திருக்கும் வெள்ளையும் பெரும்பாலும் இதுதான். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். முகாம் முடிந்துவிட்டது, மறுநாள் வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தோம். காலை ஒன்பது மணிக்குப் பள்ளிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வீட்டுக்கு வீடு சுரண்டிய வெள்ளைத் தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வாசலில் பிள்ளைகள் நின்றார்கள், எந்தத் தெருத் தண்ணீரில் நுரை அதிகம் என்று பார்க்க.