கோடும் உளியும் – 9: நீர்ச்சுழியைச் செதுக்கியவர்

சென்ற வாரம் மரக்கட்டை அச்சோடு நிறுத்தியிருந்தோம். உலோகத் தகட்டுக்கு வரும்போது நான் முதலில் காட்ட விரும்புவது, கிருஷ்ண ரெட்டி 1963-இல் உருவாக்கிய 'வேர்ல்பூல்' என்ற அச்சோவியம். நீர் சுழன்று உள்ளே இழுபடும் கணம் அது. பார்க்கப் பார்க்கக் கோடுகள் நகர்வது போலிருக்கும். ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. இத்தனையும் ஒரே தகட்டிலிருந்து, ஒரே அழுத்தில் காகிதத்துக்கு வந்தவை.

ரெட்டி 1925-இல் சித்தூர் மாவட்டம் நந்தனூரில் பிறந்தவர். அப்போது அது சென்னை மாகாணம். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றார். 1947 முதல் 1949 வரை சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவின் தலைவராக இருந்தார். நம் ஊர்க் கலை வரலாற்றில் இதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு லண்டனில் ஹென்றி மூர், பாரிஸில் ஸாட்கின் என்று சிற்பிகளிடம் போனார். பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேய்டர் நடத்திய 'அட்லியே 17' பட்டறைதான் அவரை அச்சுக்கலைக்குள் இழுத்தது.

உள்ளே வந்த பிறகும் அவர் சிற்பியாகவே இருந்தார் என்பதுதான் முக்கியம். மற்றவர்கள் தகட்டின் மேல் கோடு கீறினார்கள். ரெட்டி தகட்டையே மேடு பள்ளமாகக் குடைந்தார். உளி, சுரண்டி, அமிலம், மின்கருவி எல்லாம் அதற்கு உதவின. மையே இல்லாமல் வெறுமனே தடவிப் பார்த்தாலும் அந்தத் தகடு ஒரு புடைப்புச் சிற்பம்தான்.

அந்த மேடு பள்ளங்களுக்கு நிறம் ஏற்ற ஹேய்டர், ரெட்டி, பம்பாயிலிருந்து போன கைக்கோ மோத்தி ஆகியோர் ஐம்பதுகளில் ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். முதலில் தகடு முழுக்க ஒரு மையைப் பூசித் துடைத்துவிடுவார்கள். குழிகளுக்குள் மட்டும் அது தங்கும். அடுத்து, ஆளி விதை எண்ணெய் கலந்து இளக்கிய மையைக் கடினமான உருளையால் உருட்டுவார்கள். அது மேடுகளை மட்டும் தொடும். கடைசியாகக் கெட்டியான மையை மென்மையான உருளையில் எடுத்து உருட்டினால் அது பள்ளங்களுக்குள் இறங்கும். மேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்ப் பசை அதை ஏற்காது. எண்ணெய் மிதமிஞ்சிய கல்லில் தோசை மாவு பிடிக்காமல் வழுக்குவது போல. ஈரக் காகிதத்தை மேலே விரித்து அச்சு இயந்திரத்துக்குள் செலுத்தினால் மூன்று நிறங்களும் ஒருசேர ஏறும். அதற்கு முன்பெல்லாம் பல நிறம் வேண்டுமென்றால் பெரும்பாலும் நிறத்துக்கு ஒரு தகடு செய்து, ஒன்றன் மேல் ஒன்று இம்மி பிசகாமல் அச்சிட வேண்டும்.

ஒரு படம் எடுத்ததும் அடுத்த காகிதத்துக்குப் பூசுவது, துடைப்பது, உருட்டுவது எல்லாம் மறுபடி முதலிலிருந்து. எண்ணெய் சில துளி கூடினாலும் நிறம் மாறும். இதை அறிந்தவர்கள் "பிரிண்ட்தானே, நகல்தானே" என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

படத்துக்குக் கீழே, வெள்ளை ஓரத்தில் பென்சிலால் இடும் கையெழுத்துக்கு இங்கேதான் அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியர் விஸ்லர் போன்றோர் பரவலாக்கிய வழக்கம் அது. இந்தத் தாளை நான் பார்த்தேன், இது என் படைப்பு என்று கலைஞர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தரும் உறுதி. பக்கத்தில் 14/50 என்றிருந்தால் மொத்தம் ஐம்பது தாள்களில் இது ஒன்று. பதினான்காவதாக அச்சானது என்று கட்டாயமில்லை. காய்ந்த பிறகு அடுக்கி வைத்து எண்ணிடுவதும் உண்டு. கலைஞர் தமக்கென எடுத்துக்கொள்ளும் சில பிரதிகள் இந்தக் கணக்கில் சேராது. பதிப்பு முடிந்ததும் தகட்டின் மேல் கீறல் போட்டு ரத்து செய்பவர்களும் இருக்கிறார்கள்.

படங்களுக்கு எண் வைத்த ரெட்டி, தொழில்நுட்பத்துக்குப் பூட்டுப் போடவில்லை. அட்லியே 17-இல் ஹேய்டரோடு இணை இயக்குநராக இருந்து கற்பித்தார். எழுபதுகளில் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்தியாவுக்கு வந்து பட்டறைகள் நடத்தினார். 1988-இல் முழுச் செய்முறையையும் புத்தகமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். 2018-இல் நியூயார்க்கில் காலமானார்.

எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியல்காரரான ஹேய்டர், பாரிஸில் ஓவியர்களைத் தம் பட்டறைக்குள் எப்படி வரவழைத்தார்? அது அடுத்த வாரம்.