கணினியில் வால்யூம் 100... ரிசீவரில் எவ்வளவு? பாட்டு கரகரக்காமல் கேட்பது எப்படி?

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். இந்த மாதிரி விழாக்களில் மைக்செட் போடும் அனுபவசாலிகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். மிக்ஸருக்குள் வரும் சத்தத்தை முதலில் சரியான அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஆம்பிளிஃபயரில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். வீட்டில் நாம் செய்வது நேர் எதிர். கணினியில் பாதி, பிளேயரில் பாதி என வைத்துவிட்டு, போதாத சத்தத்துக்கு ரிசீவரைத் திருகுகிறோம்.

அதனால் என்ன நஷ்டம்?

1982-ல் விற்பனைக்கு வந்த சிடியில் இருந்தே பாட்டு 16 பிட் கணக்கில் பதிவாகிறது. அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளக்க 65,536 படிகள். பிளேயரில் சத்தத்தை 6 டெசிபல் குறைத்தால் ஏறத்தாழ ஒரு பிட் போகும். 24 டெசிபல் குறைத்து, அதை 16 பிட்டாகவே வெளியே அனுப்பினால் மிஞ்சுவது 12 பிட், 4,096 படிகள்தான். வீணையின் கடைசி அதிர்வு மாதிரியான மெல்லிய ஓசைகள்தான் முதலில் அடிபடும்.

விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் 24 பிட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இந்த இழப்பு காதுக்கே தெரியாது. ஆனால் கேபிள் வழியே வரும் பாட்டு மெல்லியதாக இருந்தால், ரிசீவரைக் கூட்டும்போது ‘உஸ்ஸ்’ இரைச்சலும் சேர்ந்தே கூடும். உண்மையில் பலருக்கும் தொல்லை தருவது இதுதான்.

அப்போ எவ்வளவு வைக்கணும்?

யுஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ, ஆப்டிகல் இணைப்பு என்றால் பிளேயரும் விண்டோஸும் 100-ல் இருக்கட்டும். சத்தத்தை ரிசீவரில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். ரிசீவரைக் குறைத்து வைத்துவிட்டுப் பாட்டைப் போடுவது முக்கியம், இல்லையென்றால் வீடே அதிரும். நோட்டிஃபிகேஷன் சத்தத்தையும் அணைத்துவிடுங்கள்.

ஹெட்ஃபோன் ஜாக்கில் இருந்து கேபிள் போட்டிருந்தால் 100 சில லேப்டாப்களில் ஒத்துவராது. ஒலி உடைந்தால் 80 பக்கம் இறக்கிப் பாருங்கள். அதற்குக் கணக்கு கிடையாது, காதுதான் நீதிபதி.

100-க்கு மேலே போகலாமா?

விஎல்சி பிளேயர் 100-ஐத் தாண்டவிடும். தாண்டாதீர்கள். டிஜிட்டல் ஒலிக்கு மேலே ஒரு கூரை உண்டு. அதில் முட்டும் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. இப்படி வெட்டுப்பட்ட ஒலியைப் பெரிய சத்தத்தில் ஓட்டினால் ஸ்பீக்கரின் ட்வீட்டர் சூடாகிக் கருகக்கூடும். ஈக்வலைசரில் ‘பேஸ்’ ஏற்றினாலும் இதே கதை. ஏற்றிய அளவுக்கு அதிலுள்ள ப்ரீஆம்ப்பை இறக்கணும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். நாப்பைத் திருகும்போது மட்டும் ‘கர்ர்’ என்று கேட்டால் அதற்கும் வால்யூம் அளவுக்கும் சம்பந்தமில்லை. உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே இருக்கும் உலோகத்தை அரித்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, நாப்பைப் பத்துப் பதினைந்து முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுங்கள். அப்படியும் போகவில்லை என்றால், கான்டாக்ட் கிளீனர் அடித்துக் கொடுக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் காட்டலாம்.